பன்னிரண்டாம் கேள்வி

ஜான்சி வழக்கம்போல் டிஷ்யூ பெட்டியை எதிர் நாற்காலிப் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள அந்த அலுவலகத்தில் யார் வேலையை விட்டாலும் கடைசி நாளன்று இந்தக் கண்ணாடி அறைக்கு வந்தாக வேண்டும். எச்.ஆர். ஜான்சி பன்னிரண்டு கேள்வி கேட்பாள். படிவம் நிரம்பினால்தான் ரிலீவிங் லெட்டர். அது இல்லாமல் அடுத்த கம்பெனிக்காரன் வாசற்படி ஏறவிட மாட்டான்.

ஒன்பது வருடத்தில் நூற்று நாற்பது பேரை வழியனுப்பியிருக்கிறாள். முதல் பதில் எப்போதும் பொய்தான் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஏன் போகிறீர்கள்?

சொந்தக் காரணம்.

இன்றும் அதேதான். எழுதிய கையோடு அதை அடித்தாள். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதாதா?

பிறகு உண்மை வந்தது. மூன்று பேர் பார்த்த வேலையை இரண்டு வருடமாக ஒரே ஆள் பார்த்தது. சொல்லிக்கொடுத்தவளை விட்டுவிட்டுக் கற்றுக்கொண்டவனை மேனேஜர் ஆக்கியது. அம்மாவின் முப்பதாம் நாள் பூசையன்று, கொட்டிவாக்கத்தில் மாதா கோயிலுக்குள் போகாமல் வாசலிலேயே நின்று போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளையின் வாயில் "பரவாயில்லை சார்" என்பதைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை.

மற்றவர்கள் சொன்னதைக் கொஞ்சம் நாசூக்காக்கித்தான் எழுதுவாள். இன்று அப்படியே எழுதினாள்.

கண்ணாடிக்கு வெளியே முப்பது தலைகள் கம்ப்யூட்டரில் கவிழ்ந்திருந்தன. நிமிர்ந்தால் இந்தச் சீக்குத் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

டீ கொண்டுவரும் கோவிந்தம்மாதான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, ரெண்டு டீயும் ஆறிப்போயி அப்டியே கீது?"

"இன்னும் ஒரு கேள்விதான்க்கா."

நாங்கள் என்ன செய்திருந்தால் நீங்கள் போகாமல் இருந்திருப்பீர்கள்?

இந்த இடத்தில்தான் எல்லாரும் அழுவார்கள். கையை நீட்டினாள், டிஷ்யூ பெட்டி எட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

'இதையெல்லாம் யாராவது ஒருநாள் கேட்டிருக்கலாம்' என்று எழுதினாள்.

படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, கேள்வி கேட்டவர் கையெழுத்து. மற்றது, வேலையை விட்டுப் போகிறவர் கையெழுத்து.

இரண்டையும் ஜான்சியே போட்டாள்.