சின்ன மகன் வந்துவிட்டார்

“இன்னைக்கு அத்தையைப் பார்க்கப் போற முறை உங்களது. கிளம்பலையா?”

மனைவி கேட்டது காதில் விழாத மாதிரி அவன் லேப்டாப்பையே முறைத்துக்கொண்டிருந்தான்.

பழைய லேப்டாப்பை வாங்கிக்கொண்டு ஆபீசில் புதிதாக ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதில் எமுலேட்டரை ஏற்றிக்கொண்டிருந்தான். கையில் போன் இல்லாமலே ஆப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காக, லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போனை ஓடவிடுகிற மென்பொருள். ஆப் செய்கிறவர்களுக்கு அது இல்லையென்றால் கை ஒடிந்த மாதிரி.

எட்டு மணிக்குள் அவன் அங்கே போகாவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும்.

மாமனார் போன பிறகு அத்தை தனியாகத்தான் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று மூத்த மகன் சொன்னபோது, இந்த வீட்டை விட்டு எங்கேயும் வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் அந்த மூத்தவரே ஒரு ஏற்பாடு சொன்னார். அண்ணனும் தம்பியும் ஒருவர் மாற்றி ஒருவர் தினமும் சாயங்காலம் எட்டு மணிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். யாராவது ஒரு நாள் தவறினாலும் இல்லம்தான். அப்புறம் பேச்சே கிடையாது.

அதற்கான ஆப்பைச் செய்யும் வேலையையும் தம்பி தலையிலேயே கட்டினார். மகனுடைய போன் வீட்டை நெருங்கினால் போதும். ‘மூத்த மகன் வந்துவிட்டார்’ என்றோ ‘சின்ன மகன் வந்துவிட்டார்’ என்றோ குடும்பத்தில் எல்லோர் போனிலும் ஒரு பெண்குரல் சொல்லும்.

“ஆபீஸ் வேலையை வந்து பார்க்கக் கூடாதா?” என்றாள்.

“ரெண்டு நிமிஷம்.”

எமுலேட்டர் அடம்பிடித்தது. ஏதோ ஒன்றை முடுக்கிவிட்டால்தான் ஓடுவேன் என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. லேப்டாப்பை அணைத்து, திரும்பப் போட்டு, அதை முடுக்கிவிட்டான். பிறகு உள்ளேயிருக்கும் காற்றாடி இரைய ஆரம்பித்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

ஒருவழியாகத் திரையில் ஒரு போன் எழுந்து நின்றது. தன் பெயரில் அந்த ஆப்பை அதற்குள் திறந்தான். போன் எந்த இடத்தில் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று கேட்கிற கட்டத்தில் எதையும் பார்க்காமல், மனப்பாடமாக எண்களைத் தட்டினான்.

அவள் கையிலிருந்த போன் பேசியது. “சின்ன மகன் வந்துவிட்டார்.”

சின்ன மகன் பனியனோடு அவள் எதிரே உட்கார்ந்திருந்தான்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இத்தனை நாளும் ஆபீசில் உட்கார்ந்தே இந்த வேலையை முடித்துவிட்டு, அத்தையைப் பார்த்துவிட்டு வருகிற முகத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறான். அவள் அத்தையைப் பார்க்கப் போவது லீவு நாட்களில், பகலில்தான். அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

“பெத்த தாயை ஏமாத்தறதுக்கா இவ்வளவு படிச்சீங்க?”

அவன் லேப்டாப்பை மூடினான்.

அன்று அவள் பேசாத பேச்சில்லை. உங்கள் அண்ணனுக்கு மட்டும் வேலை இல்லையா, அவர் ஒரு நாளாவது தவறியிருக்கிறாரா என்று கேட்டபோது மட்டும் அவன் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உனக்குத் தெரியாது, விடு” என்று எழுந்துபோய்விட்டான்.

மறுநாள் அவள் வேலை முடிந்து நேராக அத்தை வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு. இது மூத்தவர் வருகிற நாள். அவரிடமும் சொல்லி, தம்பியை நாலு வார்த்தை கேட்கச் சொல்ல வேண்டும்.

பேச்சுத்துணைக்கு டிவியைப் பாடவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார் அத்தை. இவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, டீ போடப் போனார். அடுப்படியில் நின்றபடியே அவள் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். அத்தை அதிரவில்லை. டீயை ஆற்றி அவள் கையில் கொடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

அப்போது அலமாரி மேலிருந்த போன் சொன்னது. “மூத்த மகன் வந்துவிட்டார்.”

அவள் டம்ளரை வைத்துவிட்டு, தலையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். கேட்டுக்கு வெளியே மூத்தவருடைய கார். கண்ணாடி ஏற்றியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் குனிந்து தன் போனைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டார்.

கதவைத் திறக்கப் போனவளின் கையை அத்தை பிடித்துக்கொண்டார்.

கார் நகர்ந்து, தெருமுனையில் திரும்பி மறைந்தது.

“அவ்வளவுதாம்மா. ஆரம்பத்துல வாசலுக்குப் போய் நின்னேன். என்னைக் கண்டா சங்கடப்படறான். அதனால இப்பெல்லாம் போறதில்லை.”

அத்தை ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

“சின்னவன் சமாச்சாரம் பெரியவன் காதுக்குப் போயிடக் கூடாது, தாயி. அதையே சாக்கா வெச்சு என்னைக் கொண்டுபோய் விட்டுடுவான். இந்த வீட்டுலயே என் காலம் போயிடணும்.”

“அதுக்காக, இவரும் இப்படியா அத்தை?”

“சின்னவன் உள்ளே வருவான்மா. பொய் சொல்லக் கூடாது. வந்து இதோ, இந்த நாற்காலியில உக்காந்து, எப்படா எழுந்திருக்கலாம்னு கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருப்பான். எனக்கே பார்க்கப் பாவமா இருக்கும்” என்றார் அத்தை. “நான்தான் சொன்னேன், லேப்டாப்புலயே வந்துட்டுப் போயிடுடான்னு.”