பெட்டி நகராது!

“எம் மேல ஏத்திட்டு ஓட்டச் சொல்லுங்க சார். அப்புறமா இந்தப் பொட்டி போவட்டும்!”

நடவு வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்து, லாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் செந்தாமரை. பின்னால் இருபது பெண்கள். லாரியின் மேல் ஒரு வீட்டு நீளத்துக்கு வெள்ளை இரும்புப் பெட்டி. சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரி அது.

துணைத் தாசில்தார் நெடுமாறன் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே அலுத்துக்கொண்டார். மாறுதலாகி வந்து நாலே நாள். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் இரும்பு ஏற்றிய லாரியை ஏன் மறிப்பார்கள் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

“அம்மா, இது மீத்தேன் எடுக்குற மிஷின் இல்ல. வெறும் பேட்டரி.”

“தெரியும் சார்.”

“பூமியத் தோண்டாது. புகை வராது.”

“அதுவும் தெரியும்.”

“பின்ன என்னதான் பிரச்சினை?”

“மூணு மா நெலத்துல நட்டிருக்கேன். பயிரு காஞ்சா நீங்களா வந்து கஞ்சி ஊத்துவீங்க?”

“பேட்டரி தண்ணி குடிக்காதும்மா!”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நெடுமாறனுக்குச் சுருக்கென்றது.

டிரைவர் கண்ணுசாமி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். “சார், விஷயம் என்னன்னா...”

“நீ சும்மா இருய்யா! இந்தாம்மா, இப்ப போலீஸ் வரும்.”

“வரட்டுமே. அவங்களும் உக்கார எடம் இருக்கு. எங்கம்மா காலமெல்லாம் ஊரான் வயல்ல கூலிக்கு நட்டுச்சு. நான் நட்டது என் சொந்த வயலு. அதைக் காயவிட்டுட்டு எந்திரிச்சுப் போற ஆளு நானில்ல. கேஸ் போடுங்க, ஜெயில்ல வைங்க. பொட்டி நகராது!”

இருபுறமும் கும்பகோணம் பஸ்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. மேலதிகாரி மூன்றாவது தடவையாக ஃபோனில் கத்தினார். நெடுமாறன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மிரட்டலும் பலிக்கவில்லை, கெஞ்சலும் பலிக்கவில்லை.

“சரிம்மா, நீங்க ஜெயிச்சீங்க! காலையில எங்க ஏத்துனாங்களோ அங்கயே பெட்டியைத் திருப்பி அனுப்பிடுறேன். போதுமா?”

பின்னால் ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செந்தாமரை முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

“வாய்ப்பேச்சு வேணாம் சார். கையெழுத்து, சீலோட எழுதிக் குடுங்க.”

ஜீப்பின் முகப்பில் வைத்தே உத்தரவை எழுதிக் கொடுத்தார். இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு எழுந்தாள் செந்தாமரை. காகிதத்தை டிரைவரிடம் நீட்டினாள்.

“அப்பாடா! எப்படியோ உங்க ஊருக்குள்ள வராம நிறுத்தியாச்சு” என்றார் நெடுமாறன்.

கண்ணுசாமி உத்தரவைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஏத்துனதே இந்த ஊர்லதான் சார். ரெண்டு வருஷமா இவங்க வயல் மோட்டாருக்கெல்லாம் கரண்டு குடுத்துட்டிருந்த பொட்டி இது, டவுன் ஷாப்பிங் மாலுக்குத் தூக்கிட்டுப் போறோம்னுதான் மறிச்சாங்க!”