எட்டு நாள் நின்றவள்

விசாரணை பதினோரு மணிக்கு. பத்து இருபதுக்கே ஜோசப்ராஜ் மடியில் ஒரு லட்டுப் பெட்டியோடு கல்லூரி நிர்வாகக் கட்டடத்தின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் அவர் மகள் ஃபெபி. இறுதியாண்டு. காட்டுப்பாக்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து டிபன் டப்பாவைத் தொடவில்லை.

தாட்சாயிணி படியேறி வந்தார். ஜோசப்ராஜ் அவசரமாக எழுந்தார்.

"நீங்கதான அந்த மேடம்? நேத்து ராத்திரிதான் இவ உங்களப் பத்தியே சொன்னா. ரெண்டு இட்லி துண்ணுடின்னா துண்ண மாட்டேன்னுது. நீங்களாச்சும் சொல்லுங்க."

தாட்சாயிணி இந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர் இல்லை. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இருபத்தாறு வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வேலப்பன்சாவடியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்து, மாட்டிக்கொண்ட மாணவர்களுக்குத் துணையாக விசாரணைகளுக்குப் போகிறார்.

"லட்டு யாருக்கு?" என்றார்.

"ஹெச்.ஓ.டி. சாருக்கு மேடம். நல்லபடியா முடிஞ்சா வெறுங்கையோட நிக்கக் கூடாது பாருங்க."

"நீ வேறப்பா." ஃபெபி பெட்டியை முறைத்தாள். "முடியலன்னா மூணு செமஸ்டர் போச்சு. கேம்பஸ்ல கெடச்ச வேலை போச்சு. லட்டு வாங்கிட்டு வந்திருக்க."

"முடியும் கண்ணு. அப்பா சொல்றேன்ல."

தேர்வு அறையில் அவள் காலடியில் ஒரு பிட் கிடந்தது. பறக்கும் படை எடுத்தது. தன்னுடையதில்லை என்று அவள் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் துறைத் தலைவர் ஒன்றே ஒன்று கேட்டார். தவறு செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று நாலு வரி. கொடுத்தால் விட்டுவிடலாம்.

அன்று மாலைதான் ஃபெபி ஜெராக்ஸ் கடை மாடிக்கு ஓடி வந்தாள்.

"எது செஞ்சாலும் அந்த லெட்டர மட்டும் எழுதாத" என்றார் தாட்சாயிணி. "கேக்கும்போது மன்னிப்பும்பாங்க. ஃபைலுக்குள்ள போயிட்டா அது ஒப்புதல் வாக்குமூலம். அதுக்கப்புறம் வேற எதையும் யாரும் பொரட்டக்கூட மாட்டாங்க. நானே எத்தனையோ கோத்திருக்கேன்."

எட்டு நாள் அவளைத் துறைத் தலைவர் அறை வாசலில் நிற்க வைத்தார்கள். வெள்ளைத் தாளும் பேனாவும் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் இருந்தன. போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். வீட்டில் காரணம் சொல்லவில்லை. எழுத மாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

"ஆறாவது நாள் பேனாவ எடுத்துட்டேன் மேடம்" என்றாள் இப்போது. "தேதிகூடப் போட்டுட்டேன். அப்புறம் கிழிச்சிட்டேன்."

"இது பொறந்ததுலேர்ந்தே இப்டிதான்." ஜோசப்ராஜ் சிரித்தார். "செம புடிவாதம். நேத்து அரை நாள் லீவு போட்டுகினு நானே வந்து சாரப் பாத்தேன் மேடம். இன்னா மரியாத தெரியுமா? ஒக்கார வெச்சு டீ குடுத்தாரு. அம்பத்தூர் எஸ்டேட்ல பதினெட்டு வருசமா நின்னுகினே மிசின் ஓட்றேன், எவன் ஒக்காருன்னான்?"

"நேத்து சாயந்தரம் என்னையும் போகச் சொல்லிட்டாரு மேடம்" என்றாள் ஃபெபி. "லெட்டரெல்லாம் வேணாம்மா, வீட்டுக்குப் போன்னாரு. சிரிச்சாரு வேற. அதான் பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்? கையில ஒண்ணுமில்லன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார் தாட்சாயிணி.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பிட்டின் நகல். மூன்று முறை எழுதிக் கேட்டு, இன்று காலைதான் கைக்கு வந்தது.

"இத எல்லாரும் பாத்திருக்காங்க. ஒருத்தர்கூடப் படிக்கல. நீ எழுதினது மத்தியானம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ். இதுல இருக்கிறது தெர்மோடைனமிக்ஸ். அன்னிக்குக் காலையில அதே ரூம்ல மெக்கானிக்கல் பசங்க எழுதின பேப்பர்."

ஃபெபி வாங்கிப் பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள்.

"எனக்கு இதுல ஒரு வரிகூடப் புரியல மேடம்."

"அதையே உள்ள வந்து சொல்லு."

ஃபெபி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. துப்பட்டாவால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"இட்லி இருக்காப்பா?"

ஜோசப்ராஜ் டிபன் டப்பாவைத் திறந்து கொடுத்தார். அவள் நின்றபடியே இரண்டையும் தின்றாள்.

கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் தசரதன் தலையை நீட்டினார். "ஃபெபி யாரும்மா? உள்ள வாங்க. கூட வந்தவங்களும் வரலாம்."

தாட்சாயிணி எழுந்தார். ஃபெபியின் தோளில் கை வைத்தார்.

"பிட்டு போச்சு. இனிமே ஃபைல்ல உனக்கு எதிரா ஒரு தாள் கெடையாது. பயந்துபோய் அந்த லெட்டர எழுதிக் குடுத்திருந்தேன்னு வையி, இந்த நகல யாரும் கையில வாங்கியிருக்கவே மாட்டாங்க. எட்டு நாள் நின்ன பாரு, அதுதான் உன்னக் காப்பாத்திச்சு. வா."

இருவரும் கதவுவரை போய்விட்டார்கள். ஜோசப்ராஜ் எழுந்திருக்கவில்லை.

"இன்னாண்ணா, வரலியா?" என்றார் தசரதன்.

ஜோசப்ராஜ் அவரைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை.

"மேடம், நேத்து இவ பேர்ல நான் எழுதி, இவ கையெழுத்தப் போட்டுக் குடுத்தது செல்லாதுல்ல?"