ஒரு நாள் விலக்கு

ஸ்கேன் திரையில் கல்லீரல் ஒளிர்ந்தது, நுரையீரல்கூட மங்கலாகத் தெரிந்தது. இதயம் இருக்க வேண்டிய இடம் மட்டும் இருட்டாகக் கிடந்தது. படுத்தபடியே எட்வின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊசி மருந்து நெஞ்சுக்குப் போகலியா மேடம்?"

"போச்சு சார். பிடிச்சு வச்சுக்கத்தான் அங்க நரம்பு இல்ல. அதான் எந்திரிச்சா உங்களுக்கு மயக்கம் வருது" என்றாள் படம் எடுத்த பெண்.

அவன் அப்பாவும் இப்படித் தள்ளாடித்தான் விழுந்து செத்தார். போன மாதம் எட்வின் விழுந்தபோது தோளில் மகள் ஜெர்லின் இருந்தாள். அவள் புருவத்தில் தையல் போட்டார்கள். அதிலிருந்து, தூக்கச் சொல்லி அவள் கை நீட்டும்போதெல்லாம் அவன் கீழே பார்த்துச் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறான்.

"மருந்தோட கதிர்வீச்சு உடம்புல இருக்கும். இன்னிக்கு ஒரு நாள் குழந்தையத் தூக்காதீங்க."

அவன் முகம் தெளிந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அம்மாவின் கையை உதறிவிட்டு, ஜெர்லின் அதற்குள் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள்.

"அத நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க மேடம்." நிறுத்தி, மெல்லச் சொன்னான்:

"ஒரு நாள்னு மட்டும் சொல்லிராதீங்க."