துளையை அமுக்கிய கைகள்

பிஜித் தலைநகர் சுவாவில் மழை பெய்கிறது. ஆஸ்பத்திரி வார்டின் சன்னல் கண்ணாடிகள் வெளுத்துக் கிடக்கின்றன. பஸ் ஓட்டுநர் விலிமோனியின் இதயத்தில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தொடை இடுக்கு வழியாக விட்ட குழாயை எடுத்து இரண்டு மணி நேரமாகிறது. இப்போது அவர் ஒருமுறை இருமியதும் அந்தத் துளை திறந்துகொண்டு, விரிப்பெல்லாம் ரத்தம். ஓடிவந்த நர்ஸ் செரையானா, அவர் மனைவி அகனீசியிடம் கையுறையை நீட்டுகிறாள். "அக்கா, இதைப் போட்டுக்கிட்டு இங்க அமுக்குங்க. பிரஷர் இறங்குது, நான் டிரிப் ஏத்தணும். டாக்டர் வர்ற வரைக்கும் விட்டுடாதீங்க." அகனீசி இரண்டு கைகளாலும் அமுக்குகிறாள். உள்ளங்கைக்கு அடியில் துடிப்பு மெல்ல, விட்டு விட்டு வருகிறது. விலிமோனியின் உதடு சாம்பல் நிறமாகியிருக்கிறது. "முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் என்னை இவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்க," என்கிறார். "பேசாம படுய்யா," என்கிறாள். அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. எதிர்க் கட்டிலில் ஒருவர் அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பிட்டுத் தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். டிரிப்பை ஏற்றிவிட்டு, செரையானாவும் அவள் கைகளின் மேல் தன் கைகளை வைத்து அமுக்குகிறாள். கொஞ்சம் கொஞ்சமாகத் துடிப்பு வலுக்கிறது. கடைசியில் டாக்டர் வந்து குனிந்து பார்த்து, "ரத்தம் நின்னுடுச்சும்மா, கையை எடுங்க," என்கிறார். அகனீசியின் விரல்கள் மடங்கியபடியே இருக்கின்றன. செரையானா அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கையுறையைக் கழற்றுகிறாள். "தண்ணி குடு, அகனீசி," என்கிறார் விலிமோனி. அவள் குவளையை எடுக்கிறாள். குளிர்ச்சியும் தெரியவில்லை, கனமும் தெரியவில்லை. குவளை கையில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அவர் வாயருகே கொண்டுபோகிறாள்.