பாஞ்சாலை துடைத்த படம்

துடைக்கத் துடைக்க அழுக்கு ஏன் கூடுகிறது என்று பாஞ்சாலைக்குப் புரியவேயில்லை.

கொழுந்துக் கூடையோடு அம்மா நிற்கும் படம் அது. 1931இல் தேயிலைத் தோட்டத்துத் துரையின் மனைவி பாஸ்டல் என்ற வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து கொடுத்தது. அம்மாவுக்கு வேறு போட்டோ கிடையாது. சட்டத்தின் கண்ணாடி உடைந்தபோது பிரிஞ்சாங் டவுன் கடையில் பிளாஸ்டிக் தகடு மாட்டிக் கொடுத்தார்கள். அன்றுமுதல் தினமும் காலையில், சாமி படத்தைப்போல அதையும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாள். உள்ளே மூட்டம்தான் கூடியது.

துரை பங்களாவின் ஓவியங்களை மதிப்பிட வந்திருந்த சாம்பசிவத்திடம் கொண்டுபோனாள்.

"விக்கிறதுக்கு இல்லைங்கய்யா. மொகம் தெளிஞ்சா போதும்லா."

அவர் சட்டத்தைப் பிரித்துத் தகட்டை ஓரமாக வைத்தார். தாளைப் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். அதற்குள் பாஞ்சாலை குழாயடிக்குப் போய்வந்தாள்.

"சேலை இருக்கு, கூடை இருக்கு. மொகம் இருந்த எடத்துல வெறும் தாள்தான் இருக்கு. தேய்ச்சீங்களாம்மா?"

"தாளைத் தொட்டதே இல்லைங்க. பிளாஸ்டிக்கைத்தான் தொடச்சேன், மொகத்துக்கு நேரா."

அவர் முகம் மலர்ந்தது. "இந்த வண்ணம் வெறும் தூளும்மா. தல வாரின சீப்பு காகிதத் துண்டை இழுக்குமில்ல? அதே மாதிரி, தேய்ச்ச பிளாஸ்டிக் தூளை இழுத்துக்கிடுச்சு. பயப்படாதீங்க, அம்மா மொகம் தகட்டோட உள்பக்கம் பத்திரமா இருக்கு. எங்க அது?"

பாஞ்சாலை முந்தானையால் ஈரத்தை ஒற்றியபடி தகட்டை நீட்டினாள்.

"சவுக்காரம் போட்டுக் கழுவிட்டேங்கய்யா. இப்பதான் பளிச்சுன்னு இருக்கு."

சாம்பசிவம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"துடைக்காம, கழுவாம, அப்படியே தாள்மேல வச்சிருந்தா போதுமா இருந்திருக்கும்மா," என்றார்.