படலைக்கு வந்த பிள்ளையார்

“நான் பிள்ளையாரை மன்னிக்கிறதெண்டால், அவர் என்ர வீட்டு வாசல் படலைக்கு வரவேணும்” என்றார் ஐயாத்துரை.

கோயில் தலைவர் ஏரம்பு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “வந்து?”

“வந்து நிக்கட்டும். செய்தது பிழையெண்டு நிக்கட்டும்.”

“கை கட்டிக்கொண்டோ அண்ணை? அவருக்கு ஐஞ்சு கை. எதை எதோட கட்டுறது?”

ஐயாத்துரை சிரிக்கவில்லை. அந்தக் கோயிலுக்கு முதற்கல் வைத்தவர் அவருடைய தகப்பனார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, குளத்துக்குக் கீழே வயல் கண்ட குடும்பம். ஏழாம் நாள் திருவிழாவைச் செய்யும் உரிமை அன்று தொட்டு அவர்களுடையது.

இரண்டு வருடத்துக்கு முன், தை மாதத்தில் ஒரு பின்னேரம், மல்லாவியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த அவருடைய ஒரே மகன் பிரதாபனை வீதியில் யானை அடித்துக் கொன்றது. “பிள்ளையைக் கொன்ற முகத்தை இனிக் கும்பிடமாட்டன்” என்று ஐயாத்துரை செத்தவீட்டிலேயே சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற பரம்பரை இல்லை அது. அதன்பிறகு அவர் கோயில் வாசலை மிதிக்கவேயில்லை.

“இந்த முறையும் நீங்கள் செய்யாட்டில், ஏழாம் திருவிழாவைப் பத்தாம் வாய்க்காலிலை இருக்கிற ஆக்கள் கேக்கினம்” என்றார் ஏரம்பு. “குடுத்தால் பிறகு திரும்பி வராது.”

“கேக்கட்டும். என்ர அப்பு வைச்ச கல்லிலை அவங்கள் தேங்காய் உடைக்கட்டும்.” சொன்னாரே தவிர, அவருடைய கை, இருந்த கதிரையின் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

“அண்ணை, கோவத்திலை நல்லதையும் மறக்கக்கூடாது. அண்டைக்கு அந்த யானை எத்தினை பேரின்ர வயலை உழக்கினது? என்ரையும் போச்சு. உங்கட வரம்பு வரைக்கும் வந்தது, அப்பிடியே திரும்பி ஓடினது. ஒரு கதிர் விழேல்லை. அது ஆரின்ர வேலை?”

ஐயாத்துரை இருந்தபடியே முற்றத்துக் கோழியை ‘சூ’ என்று கலைத்தார்.

குசினி வாசலில் அவருடைய மனைவி விமலேஸ்வரி வந்து நின்றார். “தம்பி ஏரம்பு, சாப்பாடு ஆறுதெண்டு அவரிட்டைச் சொல்லும்.” கணவர் நான்கு முழம் தள்ளித்தான் இருந்தார்.

மகன் போனதிலிருந்து விமலேஸ்வரி கணவரோடு நேரே கதைப்பதில்லை. ஆனால் கோயிலுக்குப் போவதை ஒருநாளும் விட்டதில்லை. சாமியை ஏசுகிற மனிசனோடு அவாவுக்கு என்ன கதை என்று ஊரும் அதைச் சரியென்றே எடுத்துக்கொண்டது.

“சரியண்ணை, வருவார்” என்று ஏரம்பு எழுந்தார். “உழவு மெசினிலை ஏத்திக்கொண்டு வாறம். ஆனால் மன்னிப்பைச் சுருக்கமாச் சொல்லுங்கோ. அவருக்கு அதுக்குப் பிறகும் எட்டுப் படலை இருக்கு.”

ஏழாம் திருவிழாவன்று பின்னேரம் ஐந்து மணிக்குப் பிள்ளையார் வந்தார். விமலேஸ்வரி படலையில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்திருந்தார். மேளம் நின்றது. பின்னால் வந்த சனமும் நின்றது.

ஐயாத்துரை பட்டு வேட்டியோடு முன்னுக்கு வந்தார். கை கூப்பவில்லை. தோளில் கிடந்த சால்வையை இறக்கவுமில்லை.

“எங்கட குடும்பம் உமக்கு ஒரு குறையும் வைக்கேல்லை” என்று ஊர் கேட்கச் சொன்னார். “நீர்தான் எங்களுக்குத் தீராத குறை வைச்சிட்டீர். எண்டாலும் நாங்கள் வன்மம் வைக்கிற ஆக்களில்லை. நான் உம்மை மன்னிச்சிட்டன்.”

பெண்கள் சிலர் விம்மினார்கள். ஏரம்புவே கண்ணைத் துடைத்தார். ஐயர் தீபம் காட்ட, ஐயாத்துரை சால்வையை எடுத்து இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். ஏழாம் திருவிழா வீட்டைவிட்டுப் போகவில்லை.

பாரம் இறங்கிய முகத்தோடு மனைவியிடம் திரும்பினார். “நானே மன்னிச்சிட்டன். இனி நீரும் மன்னிச்சுவிடும், விமலா.”

விமலேஸ்வரி இரண்டு வருடத்தில் முதன்முறையாக அவருடைய முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

“பிள்ளையாரிலை எனக்கென்ன கோவம்? அண்டைக்கு எங்கட வரம்பிலை வெடி கொளுத்தி யானையை றோட்டுப் பக்கம் கலைச்சது அவரோ?”